சீரியல் செட்டில் வளர்ந்த மிளகாய்

மூன்றாம் வாரமே மிளகாய் நாற்று ஒரு சாணுக்கு மேல் வந்துவிட்டது. அப்பா ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்து, "பாத்தியா பாப்பா, நம்ம லைட்டு!" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் எம்.ஃபில். ஆய்வுக்கு இந்தச் செடிகள் வெயிலே படாமல் விளக்கில் மட்டும் வளர வேண்டும். சிதம்பரத்தில் எங்கள் துறையில் அதற்கென்றே ஓர் அறை இருக்கிறது. "உள்ள எடமில்லம்மா, வீட்டுல வச்சிப் பண்ணேன்" என்றார் கைடு. யாருக்கெல்லாம் அங்கே இடம் இருந்தது என்று எனக்குத் தெரியும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, செடிக்கு எந்தச் சிவப்பு, எந்த நீலம், எவ்வளவு வாட்ஸ் என்று தேடி பெங்களூர் எல்.இ.டி. ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். துறையில் வாங்கித் தர முடியாது என்றுவிட்டார்கள்.

குமராட்சி சுற்றுவட்டாரத்தில் திருவிழாவுக்கு லைட் கட்டுகிறவர் அப்பா. "எங்கிட்ட இல்லாத செவப்பா, நீலமா? அதுக்குப் போயி பெங்களூரா?" பரணில் கிடந்த சீரியல் செட், குட்டிக் குட்டி பல்புச் சரத்தையெல்லாம் இறக்கி வரிசை வரிசையாகக் கட்டினார். அது கண்ணுக்கு அழகு, செடிக்குப் பத்தாது என்றேன். "கலரு ஒண்ணுதான பாப்பா?" என்றார். வேறு வழியில்லாமல் விதைத்தேன்.

"வெளிய வெயிலு சும்மா காயுது. இவ கரண்டு போட்டு மொளகா வளக்குறா. இதுக்குத்தான் படிக்க வச்சியா?" என்றாள் அம்மா. அந்தக் கரண்டும் பாதி நேரம் இல்லை.

வெளிச்சம் பத்தாத செடிதான் இப்படி உயரும். தண்டு நூலாகி, இலை வெளுத்து, எங்கேயாவது வெளிச்சம் இருக்கிறதா என்று எட்டி எட்டி, கடைசியில் தன் கனத்தையே தாங்காமல் விழும். படித்ததில் உருப்படியாகத் தெரிந்துகொண்டது இதுதான். திங்கட்கிழமை கைடிடம் செடிகளைக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் எம்.ஃபில். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை பாதித் தொட்டிகளில் நாற்று சாய்ந்து கிடந்தது. அப்பா எதிர்வீட்டு அமிர்தம் அத்தையைக் கூட்டிவந்து காட்டிக்கொண்டிருந்தார்.

"ன்னாண்ணே, இம்மாம் ஒசரம்!"

"வளத்தி ஜாஸ்தியாப் போச்சு, அதான் சாயுது. எம்பொண்ணு வேல."

"வளத்தி இல்லப்பா. சாவுது" என்றேன்.

அத்தை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அப்பா அடுப்படிப் பக்கம் போனார். துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி வந்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாய்ந்த ஒவ்வொரு நாற்றையும் குச்சியோடு சேர்த்து நூலால் கட்டத் தொடங்கினார். கம்பம் ஏறி ஏறிக் காய்த்த விரல்கள். ஒரு தண்டு நடுவில் முறிந்தது. நான் பார்த்தேனா என்று திரும்பினார். பிறகு, முறிந்த பக்கம் சுவரைப் பார்க்கும்படி தொட்டியை மெல்லத் திருப்பி வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தார்.