ஒரே வாசலுக்கு வந்த இரண்டு வழிகள்

புரோகிராமைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் கம்பைலர் எழுதுகிறவளின் வீட்டு நடையில் அவள் கணவன் வரிசையாக நின்றான். மீசை வைத்திருந்தவன் சுவரோரம், மீசையை எடுத்தவன் அவனுக்கு முன்னால், கண்ணாடி போட்டவன் அவனுக்கும் முன்னால். “என்னங்க” என்று கூப்பிட்டால் கடைசியாக வந்தவன்தான் திரும்புவான். அலுவலகத்திலிருந்து வீட்டுக்குத் தொற்றிய பழக்கம் இது. அங்கே ஒரு புரோகிராமில் ஒரு பெயருக்குப் புது மதிப்பு கொடுத்தால் பழையதை அழிப்பதில்லை. புதியதற்கு ஓர் எண் போட்டு மேலே அடுக்குவார்கள். பெயரைக் கேட்டால் அடுக்கின் உச்சியில் இருப்பது பதில் சொல்லும். அக்கம்பக்கத்தார் முதலில் மூக்கில் விரல் வைத்தார்கள். சாப்பிடுவது ஒருவன்தான் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். அவளுக்கு மட்டும் மீசைக்காரன்மேல் தனிப் பாசம். விழுந்து விழுந்து சிரித்த காலம் அவனுடையது. துணி மடிக்கும்போது அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

கணவனுக்கு வெளியூர் வேலை வந்தபோது போவதா இருப்பதா என்று சண்டை முற்றி, அவன் பெட்டியோடு கிளம்பினான். தெருமுனையில் வழி இரண்டாகப் பிரிந்தது, அவனும் பிரிந்தான். ஒருவன் ரயிலேறினான். மற்றவன் பின்பக்கச் சந்து வழியாக வீடு திரும்பி, ஒன்றும் நடக்காததுபோலப் பாத்திரம் கழுவினான். வருடங்கள் ஓடின. போனவன் ஞாயிறுதோறும் போனில் பாட்டும் கேலியுமாகப் பேசினான். இருந்தவன் அதிகம் பேசவில்லை. ஆனால் அவள் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு கைத்தாங்கலாக நடக்கவைத்தது அவன்தான்.

போனவன் திரும்பி வருவதாகச் சொன்ன அன்றுதான் அவளுக்கு உறைத்தது. பிரிந்த வழிகள் சேரும் இடத்தில் ஒரு வரி எழுத வேண்டும்: இந்த வழியில் வந்தவனோ அந்த வழியில் வந்தவனோ, இனி அவனுக்கு ஒரே புது எண். அது இல்லாவிட்டால், எண் போடாமலே பிரிந்த இருவரும் வாசலில் ஒருவன்மேல் ஒருவன் விழுந்து, அடியில் இருப்பவன் அழிந்துபோவான். ஊரார் புரோகிராமுக்கெல்லாம் அந்த வரியை எழுதியவள் தன் வாசலை மறந்திருந்தாள்.

“அவன் வந்துட்டா நான் எங்க போறது?” என்று கேட்டான் இருந்தவன், கடைக்குக் கிளம்பியபடி.

இருவரில் ஒருவனையும் அவளால் விட முடியாது. “எங்கயும் போக வேணாம். எப்பவும் போல சந்து வழியா வாங்க” என்றாள்.

அவன் தலை மறைந்ததும் வாசல் நிலையில் பென்சிலால் அந்த வரியை எழுதினாள்.

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. வெளியே ஒருவன்தான் நின்றான். ஒரு கையில் பெட்டி, மறு கையில் காய்கறிப் பை.

“எந்த வழியா வந்தீங்க?”

அவன் யோசித்தான். “ரெண்டு வழியும் ஞாபகம் இருக்கு. முதுகு வலிக்குதா? நகரு, நான் பாத்துக்கறேன். இல்ல, இங்கயே நின்னு பாடணுமா?”

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள், பிறகு நகர்ந்தாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா, அவர் ஊரிலிருந்து வந்துவிட்டாராமே என்று விசாரித்தாள். எங்கேயும் போகவே இல்லையே என்றார் அக்காவின் கணவர். அதுவும் சரிதான் என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.