விழுங்காத தேத்தண்ணி

நான் தேத்தண்ணி ருசி பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். கண்டிக்குப் பக்கத்தில், கெலிஓயாவில் ஏற்றுமதிக்குத் தேயிலை பொதி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. காலையில் வரிசையாக ஊற்றி வைத்த கோப்பைகளின் முன்னால் நின்று, கரண்டியால் எடுத்து, சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, பக்கத்துத் தொட்டியில் துப்புவேன். புசல்லாவைத் தோட்டத்து இலையா, வேறு மலையில் இருந்து வந்ததா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவேன். பெருமையடிக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வெட்கமில்லை.

இன்னொன்று, நான் மோர்மன் கிறிஸ்தவச் சபைக்காரி. எங்கள் சபையில் தேத்தண்ணி குடிக்கக் கூடாது. தேயிலை விளைகிற கண்டியில் இருந்துகொண்டு போயும் போயும் இந்தச் சபையா கிடைத்தது என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நானும் என் கணவர் மோகனராஜும் அங்கே போனது யுகேஷுக்காக. எங்கள் ஒரே மகன். நாலு வயதில் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டான். வந்தவர்கள் எல்லாரும் கடவுள் எடுத்துக்கொண்டார் என்றார்கள். இந்தச் சபைக்காரர்கள்தான், ஆலயத்தில் வைத்து உங்கள் மூவரையும் ஒரே குடும்பமாக முத்திரித்தால் சாவுக்குப் பிறகும் அவன் உங்கள் பிள்ளைதான் என்றார்கள். அந்த ஒரு பேச்சுக்காக எதை வேண்டுமானாலும் விடுவேன் என்று அன்றைக்கே சொன்னேன்.

ஆலயம் இருப்பது வெளிநாட்டில். சபையின் எங்கள் ஊர்க் கிளையில் இருந்து ஒரு குழு போக இருந்தது. உள்ளே நுழையப் பரிந்துரைச் சீட்டு வேண்டும். முதலில் கிளைத் தலைவர் நேர்காண்பார், பிறகு கொழும்பில் இருந்து மிஷன் தலைவர். எங்கள் கிளைத் தலைவர் தம்பிராஜா யாழ்ப்பாணத்துக்காரர், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கணக்காளர். ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளமில்லாமல் சபையைப் பார்க்கிறவர். கதிரையை நேராக இழுத்துப் போட்ட பிறகுதான் உட்காருவார். மோகனராஜுக்குத் தடையில்லாமல் கிடைத்துவிட்டது. என் முறை வந்தபோது, கேள்விகளைத் தொடங்குமுன்பே பேனையை மூடி வைத்தார்.

"சிஸ்டர், உங்கட வேலையைப் பற்றி யோசிச்சனான். அதை விடுறதுதான் நல்லது. நாள் முழுக்க வாயில தேத்தண்ணி. பிறகு எப்பிடி ஆலயத்துக்குள்ள போறது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வேதத்துல சூடான பானம் வேணாம்னுதான் இருக்கு, பிரசிடன்ட். தேயிலைங்கிற பேச்சே அதுல இல்ல. நான் ஆற வச்சுத்தான் வாயில வக்கிறேன்."

"அது முதல் தீர்க்கதரிசியின்ர காலத்து எழுத்து. பிறகு வந்த தீர்க்கதரிசிமார் அது தேத்தண்ணியும் கோப்பியும்தான் எண்டு விளங்கப்படுத்திப் போட்டினம். எழுத்தைவிட உயிரோட இருக்கிறவரின்ர சொல்லுத்தான் எங்களுக்குப் பெரிசு. உங்களுக்குத் தெரியாததே?"

தெரியும். தெரிந்துதான் சேர்ந்தோம். மற்றச் சபைகள் கடவுள் பேசி முடித்துவிட்டார் என்கின்றன. எங்களிடம் வேதநூல்களே நாலு, அவற்றுக்கு மேலே இன்றைக்கும் பேசுகிற தீர்க்கதரிசி. அவரும் அப்போஸ்தலர்களும் மாநாட்டில் பேசுவதை ஒளிபரப்பில் பார்க்கும்போது தம்பிராஜா கொட்டாவி விட்டு நான் கண்டதில்லை.

"சரி, உயிரோட இருக்கிறவரு குடிக்காதீங்கன்னு சொன்னாரு. வாயில வச்சுத் துப்பக் கூடாதுன்னு சொன்னாரா?"

அவர் சிரிக்கவில்லை. "இல்லை. சபைக் கைநூலிலயும் அதைப் பற்றி ஒண்டும் இல்லை," என்று ஒப்புக்கொண்டார். "ஆனாலும் விடுறதுதான் சரி."

நான் எழுந்து நின்றேன். "இத நீங்க பிரசிடன்டா சொல்றீங்களா, தம்பிராஜாவா சொல்றீங்களா?"

வெளியார் காதுக்கு இது திமிர்ப் பேச்சு. எங்கள் ஆட்களிடம் இதைவிடக் கூர்மையான கேள்வி கிடையாது. தீர்க்கதரிசியே அந்தப் பொறுப்பில் நின்று பேசும்போது மட்டும்தான் தீர்க்கதரிசி, மற்ற நேரத்தில் அவரும் அபிப்பிராயம் உள்ள ஒரு மனிதர் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். தீர்க்கதரிசிக்கே அப்படியென்றால் கிளைத் தலைவர் எம்மாத்திரம்? தம்பிராஜா மூடி வைத்த பேனையை எடுத்துச் சட்டைப் பையில் செருகினார்.

"தெரியேல்லை," என்றார். "ஜெபம் பண்ணிப் பாக்கிறன். வாற ஞாயிறு வாங்கோ."

மனிதரை மடக்கிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு அவர் முகம் வாடியிருந்தது. உபவாசம் இருந்திருக்கிறார். "எனக்கு ஒரு பதிலும் வரேல்லை, சிஸ்டர். இது எனக்கு வர வேண்டிய பதில் இல்லை எண்டு நினைக்கிறன். கிளைக்காக நான் கேக்கலாம். உங்கட மனச்சாட்சிக்காகக் கேக்க எனக்கு அதிகாரமில்லை. போன கிழமை கதைச்சது தம்பிராஜாதான்." கதிரையை என் பக்கம் இழுத்தார். "நீங்கள் ஆண்டவரிட்டக் கேட்டனீங்களோ?"

வேதத்தைக் காட்டி வாதாடினேன், தீர்க்கதரிசியைக் காட்டி வாதாடினேன். கடவுளிடம் மட்டும் கேட்கவில்லை. காரணம் பயம்தான். விடு என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? இந்த நாக்கு ஒன்றுதான் நானாகச் சம்பாதித்த கெட்டித்தனம். யுகேஷுக்காக எதையும் விடுவேன் என்று ஊரெல்லாம் சொன்னவள், இதை மட்டும் ஒரு கேள்வியாகக்கூட வைக்கவில்லை. "கேட்டுட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

திங்கட்கிழமை மற்றவர்கள் வருமுன்பே வேலைக்குப் போய், கோப்பைகளின் முன்னால் முழந்தாளிட்டுக் கேட்டேன். பதில் வந்தால் நெஞ்சு சூடேறும் என்று எங்களுக்குச் சபையைப் பற்றிப் படிப்பித்த மிஷனரிப் பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள்; எனக்குச் சூடேறவில்லை. குரல் ஒன்றும் கேட்கவில்லை. சரி, பதில் வரும்போது வரட்டும் என்று வேலையைத் தொடங்கினேன். உறிஞ்சினேன், துப்பினேன். கடைசிக் கோப்பை புசல்லாவை இலை, அன்றைக்கு வந்ததிலேயே முதல் தரம். அதை வாயில் வைத்ததும் பளிச்சென்று விளங்கியது. நல்ல இலை என்றால் நான் முழுவதையும் துப்புவதில்லை. கொஞ்சம் தொண்டைக்குள் இறங்க விடுவேன். யாரும் பார்ப்பதில்லை, நானே அதைக் குடித்ததாக எடுத்துக்கொள்வதில்லை. வேதத்துக்கு அது தெரியாது, தீர்க்கதரிசிக்குத் தெரியாது, தம்பிராஜாவின் கைநூலுக்கும் தெரியாது. தெரிந்தவர் சொல்லிவிட்டார். வேலையை விடச் சொல்லவில்லை. அந்த மிடற்றை விடச் சொன்னார். துப்பினேன், ஒரு சொட்டு மிச்சமில்லாமல். எனக்குப் பிடித்ததை அப்படித் துப்புவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த வாரம் முழுக்க அப்படியே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை தம்பிராஜா பேனையைத் திறந்து, கேள்விகளை உள்ளபடியே கேட்டார். சேர்க்கவுமில்லை, குறைக்கவுமில்லை. உணவு, பானம் பற்றிய கட்டளையைக் கைக்கொள்கிறீர்களா என்ற கேள்விக்கு, "ஆமா, பிரசிடன்ட். இப்ப கைக்கொள்றேன்," என்றேன்.

'இப்ப' என்றதும் நிமிர்ந்து பார்த்தார். அதற்குமேல் துருவவில்லை.

"என்ர அபிப்பிராயம் இன்னும் மாறேல்லை. நீங்கள் அந்த வேலையை விட்டிருக்க வேணும்."

"தெரியும், தம்பிராஜா அண்ணே."

இந்த முறை சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்தைப் போட்டு, சீட்டை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, சிஸ்டர்," என்றார். இதைப் பிரசிடன்ட் சொல்கிறாரா தம்பிராஜா சொல்கிறாரா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அழுதுவிட்டேன்.

மிஷன் தலைவரின் கேள்விகள் இன்னும் பாக்கி. அவற்றுக்கு நான் பயப்படவில்லை. வெளியே படிக்கட்டில் மோகனராஜ் காத்திருந்தார். சீட்டைக் காட்டினேன். அதைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"நம்ம புள்ளய முத்திரிச்சிரலாமா, துஷ்யந்தி?"

"முத்திரிச்சிரலாம்," என்றேன். "நான் கேட்டுட்டேன்."