ஆறாம் நம்பர் கம்ப்யூட்டர்

ஐந்து மணிக்கு சேஷகிரி வந்துவிடுவார். அதற்குள் முடித்தாக வேண்டும். அரக்கோணத்து வேலையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, திருத்தணி ஸ்டேஷனில் இறங்கியதும் எதிரிலிருந்த பிரவுசிங் சென்டருக்குள் ஓட்டமும் நடையுமாக நுழைந்தாள் அவருடைய மகள் சாய்லக்ஷ்மி.

காலையில்தான் ஆபீஸில் விஷயம் புரிந்தது. சக ஊழியை சந்திரா எழுந்துபோன கம்ப்யூட்டரில் இவள் மெயிலைத் திறக்க, சந்திராவின் கடிதங்கள் வந்து நின்றன. நேற்று தானும் இந்தக் கடையில், ‘என்னை நினைவில் வை’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, சைன் அவுட் செய்யாமல் மெயில் பக்கத்தை மட்டும் மூடிவிட்டுப் போனது அப்போதுதான் உறைத்தது. உள்ளே இருந்தவை பிரகாஷின் கடிதங்கள்.

வேறு கம்ப்யூட்டர் என்றால் பயமில்லை. ஆனால் மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் சேஷகிரிக்கு, ஆறுமுகன் ஊரில் ஆறுதான் ராசி. அவர் குடும்பத்தில் யார் வந்தாலும் ஆறாம் நம்பரில்தான் உட்கார வேண்டும்.

கடைக்காரி தேவகி அவளுடைய பள்ளித் தோழி. ஆறாம் நம்பரில் உட்கார்ந்த சாய்லக்ஷ்மி அவளைக் கூப்பிட்டாள். “சைன் அவுட் பண்ணிட்டேன்டி. அப்பவும் என் பேரைக் காட்டிகினு நிக்குது!”

“குக்கின்னு ஒரு சின்ன ஃபைல். நீ வந்தா அடையாளம் தெரியணும்னு சைட்டே இதுல வச்சிட்டுப் போவுது. மொத்தமா அழிச்சிடலாம். ஆனா உங்க நைனா உனக்கு வரன் பாக்கற கல்யாண சைட்டும் அவரை மறந்துடும். பாஸ்வேர்ட் தெரியுமா அவருக்கு?”

“தெரியாது. அழி... இல்ல, தள்ளு. நானே அழிக்கிறேன்.”

தேவகி காட்டிய இடத்தில் அழுத்தினாள். மெயில் பக்கம் யாரென்றே தெரியாததுபோல் வெறுமையாக நின்றது.

ஐந்தடித்தபோது சேஷகிரி வந்து உட்கார்ந்தார். “ஏம்மா தேவகி, இது ஏன் பேரு கேக்குது? எப்பவும் என்னைப் பாத்ததும் தொறக்குமே? இன்னிக்கு நல்ல வரன் ஒண்ணு வந்திருக்காம்.”

தேவகி சாய்லக்ஷ்மியைப் பார்த்தாள். சும்மா இருந்திருந்தால் அன்றைக்குத் தப்பித்திருக்கலாம். சாய்லக்ஷ்மி நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

“நான்தான் அழிச்சேன் நைனா. எனக்கு வந்த லெட்டருங்க இதுல இருந்துச்சி. திருவாலங்காடு வீராசாமி மகன் பிரகாஷ் எழுதினது. ரெண்டு வருஷமா பழக்கம். அவரைத்தான் கட்டிக்குவேன்.”

“கரும்பு போடறவங்க வீடா?”

“ஆங்.”

“அதான் அழிச்சிட்டியே. அப்புறம் ஏன் சொல்றே?”

“மெஷின் காட்டி நீங்க தெரிஞ்சிக்கக் கூடாது. நான் சொல்லித் தெரியணும்.”

“ஆறுல உக்காரு, ஆறுல உக்காருன்னு நான்தானே சொன்னேன்” என்று சேஷகிரி முணுமுணுத்தார். பிறகு, “பாஸ்வேர்ட் வீட்டுல பஞ்சாங்கத்துக்குள்ள எழுதி வச்சிருக்கு” என்றார்.

“எடுத்துகினு வர மாட்டேன் நைனா.”

சேஷகிரி துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

“ஞாயித்துக்கிழமை அவனை வரச் சொல்லு. சாப்பாடு போடறேன்னு சொல்லல. பேசத்தான்.”