நாலாவது எதிரொலி

தொழிற்சாலையில் அவருக்கு ‘இரும்புக் காது’ என்று பெயர். இரும்புக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைத் திரையில் பார்த்து, வெல்டுக்குள் ஒளிந்திருக்கும் வெடிப்பையும் ஓட்டையையும் கண்டுபிடிப்பது அவர் வேலை. பெயரைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதவர் என்பதால்தான் வெல்டர்கள் அப்படி வைத்தார்கள் என்பதை அவரிடம் சொல்லும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க மூன்று நாள் பயிற்சி. இந்த முறை கூடவே மைத்துனனும் வந்திருந்தான். மனைவியின் தம்பி, முப்பது வயது. அவள் நச்சரிப்புத் தாங்காமல் இவரே வேலைக்குச் சேர்த்துவிட்டவன். கிளம்பும்போது மேனேஜர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். இருவரில் யார் கூடுதல் மதிப்பெண் வாங்குகிறாரோ, புதிய டாங்க் வேலையின் அறிக்கைகளில் அவர்தான் கையெழுத்துப் போடுவார். மற்றவர் உதவிக்குப் போகலாம். இருபத்திரண்டு வருடமாகக் கையெழுத்துப் போட்ட கை அது. மகனின் பள்ளி விடுப்புக் கடிதத்தில்கூடப் பதவியைச் சேர்த்தே போடும்.

முதல் நாளே மைத்துனன் கருவியை ஏழு நிமிடத்தில் சரிபார்த்து முடித்தான். இவருக்குப் பதினெட்டு. எல்லோரும் அவனைச் சுற்றி நின்று பார்க்கும்படி பயிற்சியாளர் அம்மா சொன்னார். தன் காலத்துக் கருவி பெட்டி அளவுக்கு இருந்ததையும், அதைத் தோளில் சுமந்தே தான் ஆளானதையும் இவர் விரிவாக எடுத்துரைத்தார். அம்மா தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். சாயங்காலம் மனைவி போன் செய்து, தம்பி ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று முதலில் கேட்டாள். இரண்டாவதாகவும் அதையே கேட்டாள்.

மூன்றாம் நாள் தேர்வு. ஆளுக்கொரு வெல்டு போட்ட தகடு. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும், உள்ளே வைத்திருக்கும் குறைகள் தகட்டுக்குத் தகடு வேறு. ஒன்றரை மணி நேரத்தில் மூன்று குறைகளைப் பிடித்துவிட்டார். நாலாவதாகத் திரையில் எதிரொலிக் கோடு ஒன்று முள்ளாக எழுந்தது. ஒலி இரும்புக்குள் இறங்கத் தகட்டில் தடவும் ஜெல்லில் விரலை நனைத்து, வெல்டின் மேல் புடைத்திருந்த மேட்டைத் தட்டினார். தட்டத் தட்ட முள் துடித்தது. அப்படித் துடித்தால் அது உள்ளே இருக்கும் குறையல்ல, வெளியே இருக்கும் மேட்டின் எதிரொலி. எழுதாமல் விட்டார். சரியான தீர்ப்புதான்.

கை கழுவிவிட்டுத் திரும்பும்போது மைத்துனனின் தாள் கண்ணில் பட்டது. நாலு வரி, நாலு குறை.

அவன் தகடு வேறு, தன் தகடு வேறு என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் நாலு என்பது மூன்றைவிடப் பெரிதாயிற்றே. அவனுக்கு நாலு, எனக்கு மூன்றா? நாற்காலியில் முள் முளைத்தது போலிருந்தது. ஐந்து நிமிடம் நெளிந்தார். பிறகு பேனாவை எடுத்து நாலாவது குறையை எழுதினார். நீளம் பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று போட்டு, அடிக்கோடும் இட்டார்.

நல்ல இடத்தைக் குறை என்று எழுதினால் அந்தத் தேர்வில் தோல்வி; ஒரு மாதம் கழித்து மறுபடி எழுத வேண்டும். பயிற்சியாளர் அம்மா அவரைத் தனியே கூப்பிட்டார்.

“இந்த நாலாவது இடத்துல விரல் வச்சுப் பாத்தீங்களா சார்?”

“பாத்தேன்.”

“துடிச்சுதா?”

இல்லை என்றால் விரல் வைக்கவே தெரியாதவர் என்றாகிவிடும். அந்த அவமானத்துக்குத் தோல்வியே மேல்.

“துடிச்சுது.”

“அப்ப ஏன் சார் எழுதினீங்க?”

அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வாசலில் மைத்துனன் காத்திருந்தான். தேறிவிட்ட மகிழ்ச்சியை முகத்தில் காட்டாமலிருக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தான். அதுவும் இவருக்கு எரிந்தது.

“ஒரு மாசம்தானே அத்தான். கையெழுத்து மட்டுந்தான் என்னோடது. நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் கண்ண மூடிட்டுப் போட்டுடறேன்.”

“கண்ண மூடிட்டுப் போடாத,” என்றார். “நான் எழுதினத ஒவ்வொண்ணா நீயே ஒரு தடவ பாத்துட்டுப் போடு. நான் தப்பும் எழுதுவேன்.”

இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் அடக்கமான வாக்கியம் அது. அந்த அடக்கத்தை வீட்டுக்குப் போய் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று பேருந்தில் மனதுக்குள் சொற்களை அடுக்கத் தொடங்கினார். முன் இருக்கையில் மைத்துனன் ஏற்கெனவே போனில் இருந்தான்.

“அக்கா, அத்தானுக்கு எவ்வளவு பெரிய மனசு தெரியுமா?”

அதையும் அவனே முதலில் சொல்லிவிட்டான்.