கோபக்கார ரத்தம்

பழைய பேன்ட் ஒன்றின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்த தையல்காரரிடம் அவருடைய மச்சினி வந்து, "மாமா, உங்க ரத்தம் கொஞ்சம் வேணும்" என்றபோது, அவர் பல்லிடுக்கில் இருந்த குண்டூசியைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் சிரித்தார்.

"உங்க அக்கா குடிச்சது போக மிச்சம் இருந்தா எடுத்துக்கோ."

"காதுல விழுந்துச்சு" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

மச்சினி புது மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள். அங்கே மூட்டுவலிக்கு ஓர் ஊசி மருந்து தயாராகிக்கொண்டிருந்தது. மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்கும் முன், அது யாருக்காவது ஒவ்வாமல் போகுமா என்று கண்ணாடிக் குழாயிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். மருந்தை யார் உடம்பிலும் ஏற்றுவதில்லை. கொடுத்த ரத்தத்தில் துளி கலந்துவிட்டு, வெள்ளையணுக்கள் சும்மா கிடக்கின்றனவா, சிலிர்த்து எழுகின்றனவா என்று கருவியில் பார்ப்பார்கள். எதையும் தாங்குகிற ரத்தம் வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டது. மருந்து என்றாலே முறைத்துக்கொள்ளும் ரத்தம்தான் அகப்படவில்லை.

அந்த விஷயத்தில் தையல்காரரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கல்யாணத்தன்று காலையில் தலைவலிக்கென்று ஒரு மாத்திரை போட்டு, முகம் பலூனாக உப்பி, கண் இரண்டும் கோடாகிப்போனவர். போட்டோவைப் பார்க்கிறவர்கள் இன்றைக்கும் மாப்பிள்ளை யார் என்று கேட்கிறார்கள். வீட்டுக் கேலியில் அவரும் சேர்ந்துகொள்வார். ஆனால் காய்ச்சல் வந்தால், மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். அப்போதெல்லாம் மனைவி ஏதாவது சாக்கு வைத்து அவர் எதிரிலேயே துணி மடிப்பாள்.

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவர், கையில் ஒட்டிய பிளாஸ்திரியை எடுக்காமல் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் காட்டினார். மறுநாள் மச்சினி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"மத்த குழாயெல்லாம் பரம சாது, மாமா. உங்களோடது மட்டும் ஆடித் தீர்த்துடுச்சு. வேலைய நிறுத்தி வச்சிருக்காங்க."

பாவம், அந்த மருந்துக்காக ராப்பகலாக உழைத்தவள். மனைவியின் முழங்காலும் அதைத்தான் நம்பியிருந்தது. தையல்காரருக்கு ஊசியில் நூல் கோக்க ஓடவில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போய், தலைமை ஆய்வாளர் முன்னால் நின்றார். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றியிருந்த அந்த அம்மாள், அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தார்.

"என் ஒருத்தன் ரத்தத்த வச்சு முடிவு பண்ணாதீங்கம்மா. என் உடம்பு வாகு அப்படி. என்னைக் கழிச்சிட்டு மத்தவங்கள மட்டும் கணக்குல எடுத்துக்கோங்க."

"கழிச்சிடலாம். ஆனா உங்கள மாதிரி ஊருக்கு ஊர் எத்தனை பேரு இருக்காங்க? அவங்களுக்கு ஊசி போட்ட பிறகு இது தெரிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

தன்னைப்போல வேறு ஆட்கள் இருப்பார்கள் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. எங்கோ யாரோ, உள்ளங்கையில் மாத்திரையோடு. அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மருந்து மேல குத்தம் இல்லன்னு தோணுது" என்றார் அந்த அம்மாள். "அது கெட்டுப்போகாம இருக்க ஒண்ணு சேர்த்தோம். உங்க அணுக்களுக்குக் கோபம் அது மேலதான்னு சந்தேகம். அத மாத்திப் பார்க்கப்போறோம். மறுபடி ரத்தம் தருவீங்களா?"

தையல்காரர் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தார்.

"இன்னைக்கு இல்லீங்க. புதுசு தயாராகட்டும்" என்று அந்த அம்மாள் சிரித்தார்.

தயாராகி அழைப்பு வந்த அன்று மனைவியும் கூட வந்தாள். சும்மா உட்காரத் தெரியாதவள். பொத்தான் தைக்க ஒரு சட்டையைக் கையோடு எடுத்து வந்திருந்தாள். ரத்தம் கொடுத்த பிறகு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். இருவரும் போகவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள்.

அந்தப் பக்கம் நாலைந்து பேர் திரையை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு முகமும் தெரியவில்லை, வெறும் முதுகுகள்.

"என்னங்க நடக்குது?"

"இரு. பார்த்துட்டுதானே இருக்கேன்."

ஆயுள் முழுக்க முதுகளவு எடுத்தவர் அவர். தலைமை ஆய்வாளரின் முதுகு லேசாகக் கூனியது. பக்கத்தில் மச்சினிக்கு இடது தோள் கொஞ்சம் தாழ்வு, தைக்கும்போது அவர்தான் சரிக்கட்டுவார். இப்போது அந்தத் தோள் மெல்ல மேலே ஏறி, மற்றதற்குச் சமமாக வந்து, அங்கேயே நின்றது. மனைவியின் ஊசி துணிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அந்தப் பக்கம் மச்சினி திரும்பி, "சாது, மாமா" என்று கண்ணாடி வழியே வாயசைத்துச் சிரித்தாள்.