கடல் வந்துபோகும் கார்

உல்கான் வாங்கிய வெள்ளைக் காருக்குள் நாளுக்கு இரண்டு தடவை கடல் வந்துபோகும். சாதாரண நாட்களில் கணுக்கால் வரைக்கும், அமாவாசை பௌர்ணமிகளில் இருக்கை நனைகிற அளவுக்கும், வருஷத்தில் இரண்டு நாள் கூரை வரைக்கும் ஏறும். ஏறிய தண்ணீர் ஆறு மணி நேரத்தில் கொஞ்சம் மணலை விட்டுவிட்டு வடிந்துவிடும். எங்கள் பிஷ்கெக்கிலிருந்து எந்தத் திசையில் போனாலும் பெருங்கடலுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது. ஊரில் முக்கால்வாசிப் பேர் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். காரின் விலை நாலாயிரத்து இருநூறு டாலர். டயர் நான்கும் புதிது, பேட்டரிக்கு ஒரு வருஷம் பயமில்லை.

தப்பு யார் மேல் என்று கேட்டால், விற்ற தாலாய் மேல் என்று சந்தையில் எல்லோரும் சொல்வார்கள். உல்கானின் அண்ணன் ஒரோஸ் மட்டும் அப்படிச் சொல்லமாட்டான். ஊர் எல்லையில் ஞாயிறுதோறும் கூடும் பழைய கார் சந்தையில், வாங்க வருகிறவர்களுக்குக் கார் பார்த்துச் சொல்வது அவன் பிழைப்பு. வெயில் ஏறிய பிறகு கூப்பிட்டால் வரமாட்டான். விடியும்போதே போய் முதலில் பானெட்டில் கையை வைப்பான்; சூடாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுவான், ஏனென்றால் குறையில்லாத எஞ்சினை ஆள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைக்க எவனுக்கும் தேவை இல்லை. காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவிலும் மட்கார்டிலும் வைத்துக்கொண்டே போவான். அது ஒட்டாத இடத்தில் தகரம் போய்ப் பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தம். மீட்டர் எண்பதாயிரம் என்று சத்தியம் செய்யும். பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து மூன்று லட்சம் என்று காட்டிக்கொடுக்கும், மீட்டரைத் திருப்புகிறவர்களுக்கு மிதியை மாற்ற ஞாபகம் வருவதில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுப்பான். வெள்ளத்தில் மூழ்கிய காரில் தரைவிரிப்பை மாற்றுவார்கள், வாசனைத் தெளிப்பான் அடிப்பார்கள், இருக்கைக்கு அடியில் துருப்பிடித்த போல்ட்டுக்குக்கூடப் பெயிண்ட் பூசுவார்கள். ஆனால் சுருளின் அடியில் கிடக்கும் கடைசி ஒரு சாண் பெல்ட்டை எவனும் கழுவுவதில்லை. அவன் சந்தைக்குள் நுழைந்தாலே, "டேய், ஒரோஸ் வர்றான்டா, பானெட்டு மேல பனியை அள்ளிப் போடு!" என்று விற்பவர்கள் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வார்கள். கேலிதான் என்றாலும் இரண்டொருவர் நிஜமாகவே அள்ளிப் போடுவார்கள்.

உல்கான் மலைக்கு அந்தப் பக்கம் சூசாமிர் மேய்ச்சல் நிலங்களில் பாலேடும் தயிரும் வாங்கி, குருத் என்கிற உப்புத் தயிர் உருண்டைகளைக் காயவைத்து நகரத்தில் விற்றுக்கொண்டிருந்தாள். கணவன் சுயூன் ரஷ்யாவில் ஏதோ ஒரு கிடங்கில் நான்கு வருஷம் மூட்டை தூக்கி அனுப்பிய காசு, கார் வாங்குவதற்கென்று இரும்புப் பெட்டியில் இருந்தது. அது தாலாய்க்குத் தெரியும். ஒரோஸ் ஒரு சாவுக்காக ஓஷ் நகரத்துக்குப் போய் நான்கு நாள் திரும்பாத நேரம் பார்த்து, தாலாய் அந்த வெள்ளைக் காரைக் கொண்டுவந்து அவள் வாசலில் நிறுத்தினான். அண்ணன் வரட்டும் என்றாள் உல்கான்.

"உங்க அண்ணன் பார்த்துட்டுத்தான் போனாரு, அக்கா. அவர் தங்கச்சிக்குன்னுதான் விலையையே குறைச்சேன். வேண்டாம்னா சொல்லிடுங்க, டோக்மோக்லருந்து ஒருத்தன் கையில காசோட நிக்கிறான்."

ஒரோஸின் கைபேசிக்கு மலைப்பாதையில் சிக்னல் இல்லை. டோக்மோக்காரன் என்று ஒருவன் பிறக்கவே இல்லை. உல்கான் பெட்டியைத் திறந்தாள்.

எங்கள் பக்கத்தில் கார் வாங்கினால் ஆடு அறுத்து அதன் ரத்தத்தைச் சக்கரங்களில் தடவுவோம். வந்தவர்கள் எல்லோரும் "குத் போல்சுன்" என்று சொல்ல வேண்டும், வளமாக இருக்கட்டும் என்று பொருள். ரத்தம் தடவி, குத் போல்சுன் சொல்லி, கறியும் தின்றாயிற்று என்றால் அந்தப் பொருளைப் பற்றி யாரும் ஒரு குறையும் சொல்லக்கூடாது. சொன்னால், பிற்பாடு அதற்கு என்ன ஆனாலும் சொன்னவன் வாயால்தான் ஆயிற்று என்பார்கள். இது எப்பேர்ப்பட்ட முட்டாள்தனம் என்று இப்போது நினைக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு வரவில்லை, என் கையில் எலும்பு இருந்தது.

ஓஷிலிருந்து ஒரோஸ் நேராக அந்த விருந்துக்குத்தான் வந்து இறங்கினான். சக்கரங்களில் ரத்தம் காய்ந்துகொண்டிருந்தது. முகம்கூடக் கழுவாமல், பழக்க தோஷத்தில் காருக்குள் ஏறி உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தான். இழுக்க இழுக்க வந்தது. கடைசி ஒரு சாணில் மாவு போன்ற சாம்பல் நிற மணலும், அதில் ஒட்டிக்கொண்டு சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு சிப்பியும் இருந்தன. முற்றத்தில் தின்றுகொண்டிருந்த அத்தனை வாயும் நின்றது. உல்கான் கையில் கரண்டியோடு அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுயூனின் நான்கு வருஷத்து முதுகு வலியை அந்த நேரத்தில் ஒரோஸ் நினைத்தான். தாலாய் காசைத் திருப்பித் தரமாட்டான் என்று நினைத்தான். எல்லாவற்றுக்கும் மேலாகச் சக்கரத்தில் இருந்த ரத்தத்தைப் பார்த்தான். சிப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெல்ட்டை விட்டான். அது சரசரவென்று உள்ளே போயிற்று.

"குத் போல்சுன்" என்றான்.

"பாத்தீங்களாக்கா, நான்தான் சொன்னேனே!" என்றான் தாலாய், வாய் நிறையக் கொழுப்போடு.

மறுநாள் மாலை நாலரை மணிக்குக் காருக்குள் பால் கேன்கள் மிதந்தன. உல்கான் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, அண்ணனைக் கூப்பிட்டு, "வண்டியில கொஞ்சம் ஈரம் வருதுண்ணே" என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அடுத்த மூன்று வருஷமும் அதற்கு ஈரம் என்றே பெயர். ஒரோஸ் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து வயர் முனைகளைச் சாராயத்தால் துடைத்துக் கிரீஸ் அடைப்பான், பச்சை பிடித்த ஃபியூஸ்களை மாற்றுவான். இருக்கைக்கு அடியில் இருந்த மின்பெட்டியைக் கழற்றிக் கூரையோடு சேர்த்துக் கட்டினான். தண்ணீர் வடியட்டும் என்று தரையில் நான்கு ஓட்டை போட்டான். மறுநாளிலிருந்து கடல் அந்த ஓட்டைகள் வழியாகவே உள்ளே வர ஆரம்பித்தது. ஒரு தடவை ஏற்றத்தின்போது கதவைத் திறந்துவிட்டதில் பக்கத்து வீட்டு வாதுமை மரங்கள் மூன்று உப்பில் பட்டுப்போயின. பக்கத்து வீட்டுக்காரரும் கறி தின்றவர்தான், அதனால் பூச்சி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார்.

சோவியத் காலத்தில் கடற்படையில் இருந்த ஒரு கிழவர், ஜப்பானில் அந்தக் கார் கப்பலேறிய துறைமுகத்தின் ஏற்ற இறக்கக் கணக்கைப் போட்டு உல்கானுக்கு எழுதிக் கொடுத்தார். நாளுக்கு ஐம்பது நிமிஷம் தள்ளித் தள்ளிப் போகும்; அமாவாசை பௌர்ணமிகளில் மட்டும் சொல்லிவைத்தாற்போல் மாலை நாலரைக்குத் திரும்பி வந்து நிற்கும். கூரை தொடும் நாட்களின் கீழே சிவப்புக் கோடு. உல்கான் அதைக் காரின் முன்கண்ணாடியில் ஒட்டிவைத்து, வற்றும் நேரம் பார்த்துக் கணவாயைத் தாண்டினாள். அந்தத் தண்ணீரையே தெளித்துக் குருத் பிசைந்தாள். அவள் குருத்துக்கு நாக்கில் தனியாக ஒரு ருசி இருக்கிறது என்று ஜனங்கள் தேடி வந்து வாங்கினார்கள்.

மூன்றாம் வருஷம் ஜனவரியில், அமாவாசையன்று, சிவப்புக் கோடு போட்ட நாளில், மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று உல்கான் விடிகாலையிலேயே சூசாமிரிலிருந்து கிளம்பினாள். கணவாயில் அவளுக்கு முன்னால் ஒரு பனிச்சரிவு இறங்கியது, சற்று நேரத்தில் பின்னாலும் ஒன்று இறங்கியது. நடுவில் அவள் கார் மட்டும், ஜன்னல் வரைக்கும் பனியில் புதைந்து நின்றது. கதவுகள் திறக்கவில்லை. கண்ணாடியை இறக்கும் மோட்டாரை ஈரம் என்றைக்கோ தின்றுவிட்டிருந்தது. வெளியே மைனஸ் இருபத்தெட்டு. மூன்றரை மணிக்கு, ஒரோஸ் சந்தையில் யாருடைய காருக்கோ அடியில் படுத்திருந்தபோது அவள் அழைத்தாள்.

"அண்ணே, அன்னிக்கு பெல்ட்டை இழுத்துப் பாத்தியே. அதுல என்ன இருந்துச்சு?"

"இப்ப எதுக்கு அது? நீ எங்க இருக்க?"

"கணவாயில. ரெண்டு பக்கமும் அடைச்சுக்கிச்சு. சொல்லுண்ணே, என்ன இருந்துச்சு?"

ஒரோஸ் காருக்கு அடியிலேயே கிடந்தான். "சிப்பி" என்றான்.

"நான் பாத்தேன். பையில போட்டதையும் பாத்தேன். தாலாய் சொன்னது பொய்யின்னு உன் மூஞ்சியிலேயே தெரிஞ்சுது. நீயா வாயைத் திறப்பேன்னு காத்துக்கிட்டிருந்தேன். அந்த நிமிஷம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரத்தமாவது மண்ணாவதுன்னு சாவியை அவன் மூஞ்சியிலேயே விட்டெறிஞ்சிருப்பேன்."

"நீயாவது கேட்டிருக்கலாமே, உல்கான்."

"குத் போல்சுன்னுட்டியே. அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க?" என்றாள். பிறகு, "கால் நனையுது" என்றாள்.

அவன் மீட்புப் படைக்கு அழைத்தான். பாதை நாளைக்குத்தான் திறக்கும், போர்வை இருந்தால் போர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்கள். கடல் ஏறுகிறது என்று கத்தினான். எந்தக் கடல் என்று கேட்டார்கள். சந்தையில் நாங்கள் எல்லோரும் அவனைச் சுற்றி நின்றோம். அவள் விருந்தில் கறி தின்றவர்கள், எந்தக் கடல் என்று நன்றாகத் தெரிந்தவர்கள். நாலு நாற்பதுக்கு அவள் கைபேசி நின்றுவிட்டது.

மறுநாள் பனி அள்ளும் வண்டி போய்ச் சேர்ந்தபோது, கடல் வடிவதற்கு முன்பே உறைந்து, காருக்குள் காரின் வடிவத்திலேயே ஒரே பனிக்கட்டியாக இருந்தது. உல்கான் அதற்குள் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் சீட் பெல்ட் முழு நீளத்துக்கும் இழுபட்டிருந்தது. மாரடைப்பு என்று மருத்துவர் எழுதினார், அந்தப் படிவத்தில் கடல் என்று எழுத இடம் இல்லை. அடக்கத்துக்கு வந்த சுயூன் காரின் பக்கமே திரும்பாமல், கேட்ட விலைக்குத் தாலாயிடமே அதைத் தள்ளிவிட்டான். தாலாயும் அடக்கத்துக்கு வந்திருந்தான். சத்தமாக அழுதான்.

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஒரோஸ் மறுபடியும் சந்தைக்குப் போனான். வெள்ளைக் கார், இருக்கை உறை மாற்றி, பாலீஷ் போட்டு, முதல் வரிசையிலேயே நின்றது. ஜோல்தோஷ் என்கிற வாலிபனும் அவன் மனைவி பெர்மெத்தும் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். ஒரோஸை யாரும் கூப்பிடவில்லை. தானாகப் போய்க் கதவைத் திறந்து, பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்து மணலைக் காட்டினான். பையிலிருந்து சிப்பியை எடுத்துக் காட்டினான். கடல் வருவதையும், வருகிற நேரத்தையும், அதில் தன் தங்கை செத்ததையும், தான் வாயை மூடிக்கொண்டு நின்றதையும் சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான். மூன்று வருஷமாகச் சொல்லியிருக்க வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லி முடித்து, நின்று மூச்சு வாங்கினான். தாலாய் எதையும் மறுக்கவில்லை.

ஜோல்தோஷ் சிப்பியை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். "கூரை வரைக்கும் வருஷத்துக்கு எத்தனை நாள்ண்ணே?"

"ரெண்டு நாள்."

"அந்த ரெண்டு நாள் வண்டியை எடுக்காம விட்டா போச்சு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, தாலாய் பக்கம் திரும்பினான். "எவ்வளவு குறைப்பீங்க?"

"முந்நூறு" என்றான் தாலாய்.

நானூறில் முடிந்தது. ஒரோஸ் சொல்லாமல் விழுங்கிய வார்த்தைக்கு எங்கள் சந்தையில் அதுதான் விலை. இப்போதெல்லாம் அதே ஜப்பான் துறைமுகத்திலிருந்து வரும் கார்களை விற்கிறவர்கள் சாவியோடு ஏற்ற இறக்கக் கணக்கையும் சேர்த்தே கொடுக்கிறார்கள், முழங்காலுக்கு மேல் ஏறாத கார் என்றால் தனி மதிப்பு.

இவ்வளவு நேர்மையான மனுஷனைப் பார்த்ததே இல்லை என்று ஜோல்தோஷ் ஒரோஸைக் கையைப் பிடித்து விருந்துக்கு இழுத்துக்கொண்டு போனான். ஆட்டை அறுத்தார்கள். சக்கரத்தில் ரத்தம் தடவுவதற்கு முன்னால் ஒரோஸ் எல்லோர் முன்னாலும் நின்று இன்னொரு தடவை சொன்னான். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். "தெரியும்பா, பையன் சொன்னான். குத் போல்சுன் சொல்லிட்டு உக்காரு, கறி ஆறிடும்" என்றார் ஜோல்தோஷின் அப்பா. ஒரோஸ் வாயே திறக்காமல் உட்கார்ந்தான். அவன் சொல்லவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. சூப்பில் உப்பு இல்லை என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்குப் பௌர்ணமி, மணி நாலரை. பெர்மெத் எழுந்து போய்க் காரின் கதவைத் திறந்து, ஒரு கிண்ணத்தில் மொண்டு வந்து பானையில் ஊற்றிக் கிளறினாள். எல்லோரும் குடித்தார்கள். ஒரோஸும் குடித்தான். உப்பு சரியாக இருந்தது.