இரண்டு மச்சான்கள், ஒரு கிளாக்

என்னிடம் ஒரு டிரம் மெஷின் இருக்கிறது. என் மனைவியின் தம்பியிடம் ஒரு சிந்தசைசர் இருக்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும், அவ்வளவுதான். இதற்கு எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. ஒரு கல்யாணத்தையே முடித்திருக்கலாம் என்றாள் என் மனைவி.

விஷயம் இதுதான். மெஷின்கள் சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால் ஒன்று கிளாக், அதாவது தாளத் துடிப்பு, அனுப்ப வேண்டும், மற்றது வாயைப் பொத்திக்கொண்டு அதன்படி நடக்க வேண்டும். அனுப்புவதற்கு மாஸ்டர் என்று பெயர். மனைவியின் தம்பியை நான் மச்சான் என்பேன், அவனும் என்னை மச்சான் என்பான். யார் மேல், யார் கீழ் என்று உறவுமுறையே சொல்லாதபோது ஒரு கேபிள் எங்கே சொல்லப் போகிறது? நான் லிஃப்ட் மெக்கானிக். தாளம் கொடுப்பது டிரம்மின் வேலை என்றேன். அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். என் டப்பாவின் வேகம் தள்ளாடுகிறது, அதை மாஸ்டராக்குவது கிட்டப்பார்வைக்காரனை வாட்ச்மேனாகப் போடுவது மாதிரி என்றான். அந்த வாரம் ஒத்திகை நடக்கவில்லை.

இதற்கு நடுவில் மாட்டிக்கொண்டது என் மகள். ஆறாவது படிக்கிறாள். டான்ஸ் வகுப்பின் ஆண்டுவிழாவில் தனியாக ஆட ஒரு நான்கு நிமிடம் கிடைத்திருந்தது. அப்பாவும் மாமாவும் நேரிலேயே வாசிப்பார்கள் என்று டீச்சரிடம் பெருமையடித்துவிட்டாள். எங்கள் ஒத்திகை ஒன்றைப் பார்த்துவிட்ட டீச்சர், போனில் ஒரு பாட்டை வைத்துக்கொண்டு ஓரத்தில் நிற்பேன், நீங்கள் தடுமாறினால் அழுத்திவிடுவேன் என்றார். வகுப்புப் பெண்கள் வேறு தினமும், உங்கப்பா டப்பா இன்னிக்காவது பேசிச்சா என்று கேட்டார்களாம். அதை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டாள்.

கடைசியில் என் மனைவிதான், நீங்க ரெண்டு பேரும் ஆள வேண்டாம், மூணாவதா ஒண்ணு வாங்கித் தொலைங்க என்றாள். அப்படி வந்ததுதான் மாஸ்டர் கிளாக். உள்ளங்கை அளவு பெட்டி. வேகத்தை நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு தட்டு என்று வைத்தோம். இரண்டு மெஷின்களும் அதற்கு அடங்கி ஒரே மூச்சில் ஓடின. எங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

விழா அன்று ஒவ்வொரு ஒயரிலும் லேபிள் ஒட்டி எடுத்துப் போனேன். மேடைக்குப் போய்ப் பிரித்தால், கிளாக் பெட்டியின் அடாப்டர் இல்லை. அதற்குப் பதிலாக, லேபிள் அடிக்கும் மெஷினின் அடாப்டர் இருந்தது. அதன்மேலும் 'கிளாக்' என்று அழகாக லேபிள் ஒட்டியிருந்தேன். முனை பொருந்தவில்லை. வீட்டுக்குப் போக நாற்பது நிமிடம், எங்கள் முறைக்குப் பத்து நிமிடம்.

மச்சான் திட்டியிருந்தால் தேவலை. அவனோ குனிந்து இரண்டு மெஷின்களையும் நேருக்கு நேர் இணைத்தான், போக ஒரு கேபிள், வர ஒரு கேபிள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஏழு வாரம் சண்டை போட்டது போதும், இன்றைக்கு அவனே மாஸ்டராக இருக்கட்டும் என்று, அவன் பார்க்காதபோது என் மெஷினை 'எக்ஸ்டர்னல்' ஆக்கினேன். இனி அவன் சொன்னால்தான் அது வாய் திறக்கும்.

திரை விலகியது. மகள் ஒரு காலைத் தூக்கி நின்றாள். நாங்கள் தலையாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினோம். சத்தமே இல்லை. இரண்டு மெஷின்களிலும் விளக்கு மட்டும் கண்சிமிட்டியது. எட்டிப் பார்த்தேன். அவனும் எக்ஸ்டர்னல். என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு அந்தப் பாவியும் விட்டுக்கொடுத்திருக்கிறான்.

உடனே நான் மாற்றினேன். அதே நொடியில் அவனும் மாற்றினான். இப்போது இரண்டு மாஸ்டர். நாலு சுற்று சரியாகப் போயிற்று. பிறகு அவன் சிந்தசைசரின் பேஸ் ஒலி, வார் அறுந்த செருப்பு மாதிரி என் டிரம்முக்குப் பின்னால் இழுபட்டது. ஓரத்தில் டீச்சரின் கட்டைவிரல் போனை நோக்கி இறங்கியது. மகளும் அதைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, மாமா, ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்றாள், சத்தம் போடாமல். நிறுத்தினோம். "மிஸ், போடாதீங்க." பிறகு மேடைப் பலகையில் காலால் நான்கு முறை தட்டினாள். "இந்த ஸ்பீடு."

என் மெஷினில், விரலால் தட்டிய வேகத்தைப் பிடித்துக்கொள்ளும் பட்டன் ஒன்று உண்டு. அவள் மறுபடி தட்ட, அவள் காலைப் பார்த்துக்கொண்டே நானும் தட்டினேன். மச்சான் தன் மெஷினின் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, கையாலேயே கட்டைகளை வாசித்தான். கண்ணாடிக்காரன் கண் அவள் காலை விட்டு நகரவில்லை. நான்கு நிமிடமும் அவள் ஆடினாள். ஆட்டத்தின் நடுவில் எப்போதோ டீச்சர் போனைக் கைப்பையில் போட்டுவிட்டார்.

கைதட்டல் அடங்கி ஒயர்களைச் சுருட்டும்போதுதான் என் மெஷினின் திரையில் வேக எண்ணைப் பார்த்தேன். நூற்று நான்கு.

காரில், "நூத்திப் பன்னெண்டு உனக்கு வேகமாடா?" என்று கேட்டேன்.

"முதல் நாள்லேர்ந்தே. மூச்சு வாங்கும்."

"சொல்லியிருக்கலாமே கண்ணு."

"எப்பப்பா சொல்றது? நீங்க ரெண்டு பேரும் பேச்சை நிறுத்தவே இல்லையே."

பக்கத்தில் மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பிறகு அவன் என் பக்கம் குனிந்து, அது நூற்று நான்கு இல்லை, நூற்று மூன்றரை என்றான். நான் வாயைத் திறந்தேன். பின்சீட்டைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.